பிரஸ் நோட்டும் பதில் நோட்டும்: மும்பை இட்லி மாவு நிறுவனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை சயான்-கோலிவாடாவில் இருக்கும் ஒரு இட்லி மாவு நிறுவனத்தில் 2023 அக்டோபரில் நடந்தது இது. நிறுவனம் என்கிறேனே தவிர, கிரைண்டர் அறை இரண்டு, பேக்கிங் அறை ஒன்று, டெம்போ மூன்று, 20-க்கும் குறைவான ஆட்கள், அவ்வளவுதான். நடத்துபவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1990-களில் வந்து சேர்ந்த கணவனும் மனைவியும். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள், அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். தூக்குவாளியில் மாவு எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி விற்றவர்கள். இந்தக் கதை தொடங்கும்போது மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் அவர்கள் பாக்கெட் கிடைத்தது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தமிழர் அல்லாதவர்கள் என்பதை மட்டும் நாங்கள் யாரும் சரியாக மனதில் வாங்கவில்லை.

'நாங்கள்' என்பது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இரண்டு அறையில் நடக்கும் ஒரு சின்ன மக்கள் தொடர்பு அலுவலகம். ஆரம்பித்தவர் எங்கள் சார். 1980-களிலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். டைப் அடித்த பிரஸ் நோட்டைக் கவரில் போட்டு, லோக்கல் ரயிலில் போய், ஒவ்வொரு பத்திரிகையின் நியூஸ் டெஸ்கிலும் கையில் கொடுத்த தலைமுறை. நான் அவரிடம் சேர்ந்து அப்போது 16 ஆண்டு ஆகியிருந்தது.

அண்ணாச்சிக்கு நாங்கள் செய்துவந்தது பழைய பாணி வேலை. பொங்கலுக்குக் காலண்டர், செட்டா நகர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு அன்னதான உபயம், தீபாவளிக்குத் தமிழ் நாளிதழில் வாழ்த்து விளம்பரம், வருடத்துக்கு இரண்டு முறை ஒரு செய்தி. மாதக் கடைசியில் கிளிப்பிங் ஃபைல் கொடுப்போம். வெட்டிய துண்டை வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே தேதி முத்திரை குத்தி, ஸ்கேல் வைத்துச் சென்டிமீட்டர் அளந்து, அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, 'இந்த மாதம் இத்தனை ரூபாய்க்கு இணையான செய்தி வந்திருக்கிறது' என்று எழுதுவோம். விளம்பரக் கட்டணத்தை வைத்துப் போடும் இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பே ஆகாது என்று இத்துறையினர் 2010-இல் பார்சிலோனாவில் கூடித் தீர்மானமே போட்டிருந்தார்கள். எங்களுக்கும் அது தெரியும். இருந்தும் அந்தக் கணக்கைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சிக்கு அந்த ஃபைலைப் புரட்டிப் பார்ப்பதில் ஒரு நிறைவு. அதைத் தப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

டிஜிட்டல் பக்கம் தனியாக வளர்ந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் மும்பையில் நாளிதழ் அச்சடிப்பதே சில நாட்கள் நின்றுபோனது. அப்போது அண்ணாச்சியின் அண்ணன் மகள் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினாள். ஆர்டருக்கு ஒரு வாட்ஸ்அப் எண் வாங்கி, அதைப் பாக்கெட்டிலும் அச்சடித்தார்கள். பேக்கிங் அறையில் இருக்கும் ஒரு பையன்தான் அந்த போனை எடுப்பான். அந்த எண்ணுக்கு என்ன வருகிறது, யார் பதில் சொல்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மக்கள் தொடர்பு எங்கள் வேலை, போன் அவர்கள் வேலை என்று இருந்தோம். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் கருத்து.

முதல் மூன்று நாட்கள்

மும்பையில் மழை விலகியதும் அக்டோபரில் ஒரு இரண்டாம் கோடை வரும். 'அக்டோபர் ஹீட்' என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். வெயில் 35 டிகிரியைத் தொடும், காற்றில் ஈரமும் குறையாது. அரிசி உளுந்து மாவில் இருக்கும் லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மாவு சீக்கிரம் புளிக்கும், கார்பன் டை ஆக்சைடு வேகமாக வரும். அதற்காகத்தான் பாக்கெட்டின் மேல் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டிருப்பார்கள்.

நவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு இரவு 10 மணி வாக்கில் முலுண்டிலிருந்து ஒரு அம்மாள் அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு போன் செய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழர். வாங்கிய இரண்டு பாக்கெட்டும் பந்து மாதிரி உப்பியிருக்கிறதே, சமைக்கலாமா என்று கேட்டார். பையன், "மாவுன்னா அப்படித்தான் ஆன்ட்டி பொங்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடிகாலை 4 மணிக்கு வேலைக்கு வருகிறவன். பதில் சொல்ல அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

திங்கள் காலை அந்த அம்மாள் ஒரு பாக்கெட்டை ஊசியால் குத்தி, நுரை பீய்ச்சி அடிப்பதைப் படம் பிடித்துத் தன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஒரு வரி: 'இதைச் சாப்பிடலாமா? யாருக்காவது தெரியுமா?' அவர் செய்தது அவ்வளவுதான்.

செவ்வாய் மாலைக்குள் அந்தக் காணொலிக்கு இந்தியில் ஒரு ஆண் குரல் ஒட்டிக்கொண்டது. 'இட்லி மாவில் சலவை சோடா கலக்கிறார்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்.' பாக்கெட்டின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஒரிஜினலில் இருந்த கேள்வி காணாமல் போய்விட்டது. புதன் காலை கடைகளுக்குப் போன டெம்போக்கள் போன சரக்கோடு திரும்பின. செம்பூரில் ஒரு கடைக்காரர் அண்ணாச்சியிடம், "நான் உங்கள நம்புறேன், ஆனா கஸ்டமர் ஃப்ரிட்ஜக் கூடத் திறக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

அண்ணாச்சி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது மணி 9. உட்காரவே இல்லை. "என்ன தம்பி, 25 வருஷம் ஒரே ராத்திரியில போயிட்டே" என்று மட்டும் சொன்னார்.

எடுத்த முதல் முடிவு, அது ஏன் பலிக்கவில்லை

எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். 11 மணிக்குள் பிரஸ் நோட் தயார். தமிழ், ஆங்கிலம், மராத்தி மூன்றிலும். அதன் முக்கிய வரியை இங்கே அப்படியே தருகிறேன், எழுதியது நான்தான்: 'எங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பொறுக்காத சில விஷமிகள் சமூக வலைதளங்களில் பரப்பும் பொய்த் தகவலை நம்ப வேண்டாம் எனப் பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.'

அன்றைக்கு இதில் எங்களுக்கு ஒரு தவறும் தெரியவில்லை. இப்படித்தான் எழுதுவார்கள், எழுதி வந்திருக்கிறோம். சாருக்கும் சரியாகப் பட்டது. "நாளைக்குப் பேப்பர்ல வந்துடும், அடங்கிடும்" என்றார். 2021-இல் பெங்களூருவின் ஒரு பெரிய மாவு நிறுவனமே வாட்ஸ்அப் பொய்ச் செய்தியில் சிக்கி மறுப்பு வெளியிட்டது எங்களுக்கு நினைவிருந்தது. அவர்கள் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம் என்று ஒரு தைரியம்.

வியாழன் காலை தமிழ் நாளிதழில் உள்பக்கத்தில் செய்தி வந்தது. மராத்தியில் வரவில்லை. ஆங்கில நாளிதழ் ஒன்றின் நிருபர் மட்டும் சாரை போனில் கூப்பிட்டு, ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன எழுத, என்றார். நியாயமான கேள்வி. 1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் விபத்து நடந்தபோது ஐவி லீ என்பவர் பத்திரிகைகளுக்குக் கொடுத்த குறிப்பைத்தான் முதல் பிரஸ் நோட் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அவர் மறுக்கவில்லை. நடந்தது இன்னது என்று விவரம் கொடுத்தார், நிருபர்களை இடத்துக்கே கூட்டிப்போனார். நாங்கள் கொடுத்த தாளில் விவரம் என்று ஒன்றுமே இல்லை.

அடுத்த அடி மதியம் விழுந்தது. தமிழ் நாளிதழ்ச் செய்தியை யாரோ போனில் படம் எடுத்து, செம்பூரிலிருந்து முலுண்டுக்கு அனுப்ப, அது அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தன் குழுவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: '37 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சந்தேகம் கேட்டேன். நான் விஷமியா?'

இப்போது இரண்டு விஷயங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பொய், மற்றொன்று உண்மை. அந்த உண்மையை உண்டாக்கியவர்கள் நாங்கள். அதைப் படித்த நிமிடம் எனக்குத் தலை தூக்க முடியவில்லை. 'விஷமிகள்' என்று டைப் அடித்தபோது எனக்கு எதிரே ஒரு மனிதர் இருப்பதாகவே தோன்றவில்லை. அச்சுக்கு எழுதிப் பழகிய கைக்கு அந்தச் சொல் ஒரு வழக்கம். செய்தி தினமும் ஒரே திசையில் போன காலத்தில் அது யாரையும் தைக்கவில்லை.

சாரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க. மன்னிப்புக் கேக்கறதுக்கு நோட் வேண்டாம், ஆள் போகணும்" என்றார்.

எடுக்காமல் விட்ட முடிவுகள்

இந்த இடைவேளையில் பல யோசனைகள் வந்தன. எதை ஏன் தவிர்த்தோம் என்பதும் பதிவாக வேண்டும்.

உறவினர் ஒருவர், 'தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ-வில் புகார் கொடுத்து உள்ளே தள்ளலாம்' என்றார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது என்று வழக்கறிஞர் விளக்கினார். அவதூறு வழக்குப் போடலாம், ஆனால் யார் மேல்? கேள்வி கேட்ட அம்மாள் மேல் போட்டால் நாங்கள்தான் தோற்போம், தோற்கவும் வேண்டும். குரல் சேர்த்த ஆசாமி யாரென்று தெரியாது. அவர் மேல் மட்டும் சைபர் பிரிவில் ஒரு புகார் பதிந்து வைத்தோம்.

ஒரு ஏஜென்சி தானாகவே போன் செய்து, உணவு வீடியோ போடும் 10 பேரைக் கொண்டு இரண்டே நாளில் பேரை மீட்டுத் தருகிறோம் என்றது. காசு வாங்கிப் போடும் பதிவில் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 விதி. குறிப்பிட்டுப் போட்டால் 'காசு கொடுத்து வாயை அடைக்கிறார்கள்' என்பார்கள். குறிப்பிடாமல் போட்டால் அது ஏமாற்று. வேண்டாம் என்றோம். வேலையாட்களை விட்டு 5 நட்சத்திர ரிவ்யூ எழுதச் சொல்லலாம் என்ற யோசனைக்கும் அதே பதில்.

மூன்றாவது யோசனை எனக்கே ஆசையாக இருந்தது. அண்ணன் மகள் சொன்னாள்: "ஆரத்திக்கு மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவப்பாகுதுல்ல? சோடா போட்டாலும் ஆகும். நம்ம மாவுல மஞ்சள் போட்டுக் காட்டுவோம், மஞ்சளாவே இருக்கும். எல்லா வீட்டுலயும் செஞ்சு பாக்கலாம்." பார்த்தோம். மாவு மஞ்சளாகவே நின்றது. இதைவிடப் பரவக்கூடிய ஒரு காணொலி எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஆய்வகத்து வேதியியலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போன் செய்தபோது அவர் தடுத்தார். புளித்த மாவில் இருக்கும் அமிலம் கொஞ்சம் சோடாவைத் தானே சமன் செய்துவிடும், சோடா கலந்த மாவும் உங்கள் சோதனையில் மஞ்சளாகவே நிற்கலாம் என்றார். அதாவது, தப்பு செய்தவனையும் அந்தச் சோதனை விடுவித்துவிடும். விட்டுவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அந்த வாரத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது என்றே இன்றும் நினைக்கிறேன்.

முலுண்ட் வீட்டில்

வியாழன் மாலை அண்ணாச்சி, அக்கா, நான் மூவரும் மாட்டுங்காவில் ஸ்லோ ரயில் ஏறினோம். கையில் பழமோ பையோ எதுவும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். "பொருள் குடுத்தா பேச்ச வாங்கப் போன மாதிரி ஆயிரும்."

அந்த அம்மாள் கதவைத் திறந்து, யார் என்று கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் உள்ளே கூப்பிட்டார். அண்ணாச்சி ஒரே வாக்கியம்தான் சொன்னார். "அம்மா, அந்த வார்த்த எங்க பேர்ல வந்திருக்கு, அது தப்பு, மன்னிச்சிருங்க." எழுதியவன் நான் என்று நானும் சொன்னேன்.

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டாவது பாக்கெட்டை எடுத்து வந்தார். ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் அப்படியே வைத்திருந்தார், நான்கு நாளாக. உப்பி, பளபளவென்று, தொட்டால் கல் மாதிரி இருந்தது. அக்கா அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து மேல் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார். கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்டிக்கர். நகத்தை உள்ளே விட்டு மெல்ல உரித்தார். 'உஸ்' என்று சத்தம். பாக்கெட் எங்கள் கண்ணெதிரே தளர்ந்தது, புளித்த வாடை அடுக்களை முழுவதும் பரவியது. ஓட்டையின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அம்மாள்தான் முதலில், "இதத்தானே நான் ஞாயித்துக்கிழமையே கேட்டேன்" என்றார்.

பிறகு அந்தக் கடையில் விசாரித்தபோது மற்றொன்றும் தெரிந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கும் பழக்கம் இருந்தது. சூடு, அடைந்த ஓட்டை, இரண்டும் சேர்ந்து செய்த வேலை அது.

இரண்டாவது முடிவு: பதில் நோட்டு

ரயிலில் திரும்பும்போதே வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெள்ளி காலையிலிருந்து அந்த வாட்ஸ்அப் எண்ணைப் பேக்கிங் அறையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு மாற்றினோம். காலை 6 முதல் இரவு 11 வரை மூன்று பேர் மாறி மாறி. ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி ஐந்து கட்டம் போட்டோம்: நேரம், இடம், மொழி, கேட்டது, சொன்னது. அழைப்போ வாட்ஸ்அப்போ இன்ஸ்டாகிராமோ, எல்லாம் அதில் ஏற வேண்டும். எக்செல்லில் போடலாமே என்று கேட்டார்கள். சாருக்கும் அக்காவுக்கும் நோட்டுதான் கையில் பழகியது, ஆகவே நோட்டு.

மூன்று நாளில் 214 பதிவுகள். ஞாயிறு இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது வேறு, இருந்தது வேறு. சலவை சோடா உண்மையா என்று நேரடியாகக் கேட்டவை 31தான். மற்றவர்கள் கேட்டதெல்லாம் வீட்டுக் கேள்விகள். 'நேற்று வாங்கியது ஃப்ரிட்ஜில் இருக்கிறது, இன்று ஊற்றலாமா?' 'உப்பினால் கெட்டதா?' 'குழந்தைக்கு ஒரு வயது, இந்த மாவில் இட்லி கொடுக்கலாமா?' 'தேதி எங்கே போட்டிருக்கிறது, கண்ணுக்கே தெரியவில்லையே?' பாதிக்கு மேல் இந்தியில். எங்கள் பிரஸ் நோட் இவர்களில் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இவர்கள் வதந்தியை நம்பியவர்களும் அல்ல, நம்பாதவர்களும் அல்ல. மாவை வாங்கிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்கள்.

அச்சுக் காலத்தில் இந்த 214 பேரும் எங்களுக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேசாமல் வேறு மாவுக்கு மாறியிருப்பார்கள், நாங்கள் சென்டிமீட்டர் அளந்துகொண்டிருப்போம். டிஜிட்டலுக்கு மாறுவது என்றால் பேப்பரில் போட்டதை பேஸ்புக்கில் போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அறிவித்துக்கொண்டிருந்த ஒரு தொழில் பதில் சொல்லும் தொழிலாக மாறியிருக்கிறது என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை காணொலி எடுத்தோம். 1 நிமிடம் 40 நொடி, போனில் எடுத்ததே. இந்தியில் அக்காவே பேசினார். நெல்லைத் தமிழ் மணக்கும் இந்தி. அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சார் சொன்னது மிகச் சரி. அரிசி, உளுந்து, வெந்தயம், கிரைண்டர், பேக்கிங், ஓட்டை, அதை மூடிய ஸ்டிக்கர். 'ஒரு வாடிக்கையாளர் ஞாயிறன்று கேட்டார், நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அதற்கு வருந்துகிறோம்' என்பதுதான் முதல் வாக்கியம். வதந்தியின் வாசகத்தை நாங்கள் திருப்பிச் சொல்லவே இல்லை. 'மாவை ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறோம், அறிக்கை வந்ததும் முழுதாகப் போடுவோம்' என்று முடித்தோம். தமிழிலும் மராத்தியிலும் தனித்தனியாக எடுத்தோம். மராத்தியில் பேசியது பேக்கிங் அறையில் வேலை செய்யும் ஒரு அம்மாள்.

அதை எப்படிப் பரப்புவது என்பதில் வாட்ஸ்அப்பின் கட்டுப்பாடுகள் கை கொடுக்கவும் செய்தன, தடுக்கவும் செய்தன. 2018-இலிருந்து இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. பலமுறை ஃபார்வர்டு ஆனதை 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். வதந்தி ஏற்கெனவே, பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி ஏறி மெதுவாகிவிட்டிருந்தது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில் போட்டாலோ, எங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். போன் செய்தவர்களை எல்லாம் ஒரு குழுவில் சேர்த்துவிடலாம் என்ற யோசனையையும் தள்ளினோம். கேள்வி கேட்க எண்ணைக் கொடுத்தார்களே தவிர, குழுவில் சேரக் கொடுக்கவில்லை. கேட்டவருக்கு மட்டும், அவர் மொழியில், அவர் கேள்விக்கான பதிலோடு அனுப்பினோம்.

இங்கேதான் சார் நிறைய செய்தார். அவரிடம் ஒரு பழைய டெலிபோன் டைரி உண்டு. கோயில் கமிட்டிச் செயலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பஜனை மண்டலி மாமிகள், குடியிருப்புச் சங்கத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "இத ஃபார்வர்டு பண்ணுங்கன்னு கேக்கல. உங்ககிட்ட யாராவது கேட்டா, எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க." அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அவர்கள் ஃபார்வர்டும் செய்தார்கள், தங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி சேர்த்து. 40 வருடப் பழக்கம் அது. இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று.

தொடர்ந்து நடந்தவை

அந்த ஞாயிறே முலுண்ட் அம்மாள் தன் குழுவில் இரண்டு வரி எழுதினார். 'வீட்டுக்கு வந்தார்கள். காரணம் ஸ்டிக்கர்.' காணொலியில் நீங்களும் பேச முடியுமா என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். அவர் மறுத்துவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை. இந்த நிகழ்வில் எங்களுக்கு அதிகம் உதவியது அந்த இரண்டு வரி.

அடுத்த புதன்கிழமை, ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வந்தது. அண்ணாச்சியின் கூடத்திலிருந்து எடுத்த மாதிரியிலும் மூன்று கடைகளிலிருந்து எடுத்தவற்றிலும் சலவை சோடா இல்லை. ஒரு கடையின் மாதிரியில் புளிப்பு அளவுக்கு மேல் இருந்தது. அதையும் மறைக்காமல் முழு அறிக்கையையும் போட்டோம். சார் அதை ஒரே பத்தி குறிப்போடு அந்த ஆங்கில நாளிதழ் நிருபருக்கு அனுப்பினார். நகரப் பக்கத்தில் செய்தி வந்தது, ஸ்டிக்கர் விஷயத்தை வைத்து. விவரம் இருந்ததால் வந்தது. அச்சு செத்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இந்தச் செய்தி ஒரு காரணம். அந்தக் கிளிப்பிங்கின் படத்தைக் கடைக்காரர்கள் இன்றும் தங்கள் போனில் வைத்திருக்கிறார்கள்.

நவராத்திரி வியாபாரம் போனது போனதுதான். தீபாவளிக்குள் பெரும்பாலான கடைகள் திரும்பின. ஆறு கடைகள் திரும்பவே இல்லை. பேக்கிங் அறையில் இரண்டு பேருக்கு ஒரு மாதம் வேலை கொடுக்க முடியவில்லை, அண்ணாச்சி பாதிச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். குரல் சேர்த்தவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை.

பாக்கெட் மாறியது. ஓட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், 'இங்கே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்' என்று நான்கு மொழியில். தேதி பெரிய எழுத்தில். கடைகளுக்கு விலை ஸ்டிக்கர் ஒட்டத் தனி இடம். இவை மூன்றுமே நோட்டிலிருந்து வந்தவை.

மறுபடி நேர்ந்தால்

முதலில் அந்த போன். பதில் சொல்லும் ஆளுக்கு என்ன தெரிய வேண்டும், தெரியாததை யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை மணிக்குள் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை நாங்கள் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதே பையன்தான் இப்போதும் காலையில் போனை எடுக்கிறான். நன்றாகப் பேசுகிறான்.

எந்த மறுப்பு எழுதுவதற்கு முன்னும், முதலில் கேட்டவர் யார் என்று தேடிப் போயிருக்க வேண்டும். புதன் காலை 9 மணிக்கே முலுண்டுக்குப் போயிருந்தால் ஒரு நாளும் ஒரு மனிதரின் மரியாதையும் மிஞ்சியிருக்கும். ஆய்வக அறிக்கை கையில் இல்லாதது பெரிய குறை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கிறோம். அரசின் உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்தால் அதை 4 பங்காகப் பிரித்து, பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தருவது சட்டம். 14 நாள் காத்திருக்க ஒரு மாவு வியாபாரத்தால் முடியாது.

எங்கள் மாத அறிக்கையிலிருந்து சென்டிமீட்டர் கணக்கை எடுத்துவிட்டோம். கிளிப்பிங் இருந்தால் ஒட்டுகிறோம், பெருக்குவதில்லை. முதல் பக்கத்தில் அந்த மாதம் வந்த கேள்விகள், எத்தனை பேர் கேட்டார்கள், எவ்வளவு நேரத்தில் பதில் போனது, எதற்கு இன்னும் பதில் இல்லை என்று இருக்கும். அண்ணாச்சிக்கு முதலில் பிடிக்கவில்லை, புகார்ப் பட்டியல் மாதிரி இருக்கிறது என்றார். இப்போது மாதக் கடைசியில் அக்காதான் முதலில் அதை வாங்கிப் படிக்கிறார்.

அந்த வதந்திக் காணொலி இந்தக் கோடையிலும் ஒருமுறை தலைகாட்டியது, கல்யாண் பக்கம் ஒரு குழுவில். இரண்டு பேர் கேட்டார்கள், இருவருக்கும் பதில் போனது. டோம்பிவிலியில் இரண்டு கடைகளில் இன்னும் வட்டத்தின் மேலேயேதான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று நோட்டில் இருக்கிறது. வருகிற வாரம் அண்ணாச்சி நேரில் போகிறார்.